பத்தடி அகல வயலின்: சுவரோரம் நடந்த ஒரு ஸ்பீக்கர் வழக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



கொஞ்ச நாளா வர்ற மெயில்கள்ல அதிகமா இருந்த கேள்வி வரலாறு பத்தினதே இல்ல. "எங்க ஹால் சின்னது. சோஃபா, டிவி யூனிட், ஷூ ரேக் போக தரையில இடமே கிடையாது. பாட்டு கேட்க சுவர்ல மாட்டுற மாதிரி நல்ல ஸ்பீக்கர் எது? யாரோட ரிவ்யூவை நம்பலாம்?" இதையே நாலஞ்சு பேர் நாலஞ்சு விதமா கேட்டிருந்தீங்க. நான் கடை வச்சிருக்கல. ஆனா சுவர், ரிவ்யூ ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு வழக்கு இருக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வழக்கின் மையத்தில் இருந்த கேள்வி இதுதான்: ஒரு ஸ்பீக்கர் வழியாகக் கேட்ட இசைக்கருவிகள் அறை முழுக்க அலைந்தனவா, இல்லை சுவரோரமாக அங்கிட்டும் இங்கிட்டும் நகர்ந்தனவா?

சிரிக்காதீங்க. இதைத் தீர்க்க 13 வருஷம் ஆச்சு.

வழக்குக்குப் போறதுக்கு முன்னாடி சுவரைப் பத்திக் கொஞ்சம் பேசணும். ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இருக்கிற உறவு ஆணி, பிராக்கெட்டோட முடியறது இல்ல. அது ஸ்பீக்கர் பிறந்தப்பவே ஆரம்பிச்ச விஷயம்.

1925-ல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தவர்கள், ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கு உங்கள் போன் முதல் கல்யாண மண்டபம் வரை பாடுகிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள். காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னும் பின்னும் அசையும். சத்தம் வரும்.

இதில் ஒரு சிக்கல். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் பிறந்த அலையும் பின்னால் பிறந்த அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கனமான, தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். வெறும் ஸ்பீக்கர் யூனிட்டை ரிச்சி ஸ்ட்ரீட்டுல வாங்கி கையில பிடிச்சு பாட்டு போட்டுப் பாருங்க. தகர டப்பா மாதிரி கேட்கும். அதையே ஒரு பெரிய அட்டையில் ஓட்டை போட்டு வச்சா சட்டுன்னு உடம்பு வந்துடும். அட்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு ஆழமான பேஸ்.

அப்போ இருக்கிறதிலேயே பெரிய அட்டை எது? வீட்டுச் சுவர்தான்.

1950-களில் அமெரிக்க ஹை-ஃபை பைத்தியங்கள் இதை அப்படியே செய்தார்கள். ஹாலுக்கும் துணி அலமாரி அறைக்கும் நடுவிலிருக்கும் சுவரில், இல்லாவிட்டால் அந்த அலமாரியின் கதவில், வட்டமாக அறுத்து ஸ்பீக்கரைப் பொருத்தினார்கள். முன்பக்கம் ஹாலுக்குப் பாடும், பின்பக்கம் சட்டைகளுக்குப் பாடும். அவர்கள் வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்தது, உள்ளே காலி. ஒரு ரம்பம் போதும். நம்ம செங்கல் சுவரில் அந்த வேலைக்கு கொத்தனாரைத்தான் கூப்பிடணும். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

எல்லோருக்கும் சுவரை அறுக்க மனசு வராதில்லையா. பால் கிளிப்ஷ் என்று ஒருவர், அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சின்ன ஊர்க்காரர், 1946-ல் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய ஸ்பீக்கர் அறையின் மூலையில்தான் உட்காரும். உள்ளே மடித்து வைத்த ஒரு புனல். அந்தப் புனலின் கடைசிப் பகுதியைப் பெட்டிக்குள் கட்டாமல், மூலையில் சேரும் இரண்டு சுவர்களையே புனலாகப் பயன்படுத்திக்கொண்டார். அதாவது, நீங்க பாதி ஸ்பீக்கர்தான் வாங்கறீங்க, மீதி பாதி உங்க வீடு. சத்தம் பிரமாதம். ஆனால் சைஸ் ஒரு பீரோ அளவு. காலியான மூலையும் வேண்டும்.

1954-ல் எட்கர் வில்ச்சர் வேறு பாதையில் போனார். பெட்டியை இறுக்கமாக மூடிவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார். அவருடைய மாணவராக இருந்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனம் தொடங்கினார். புத்தக அலமாரியில் வைக்கிற அளவுப் பெட்டியிலிருந்து பீரோ சைஸ் பேஸ் வந்தது. மந்திரம் எதுவும் இல்லை, வேறு இடத்தில் விலை கொடுத்தார்கள். ஜோசப் ஆன்டன் ஹோஃப்மன் என்ற பொறியாளர் பெயரில் ஒரு 'இரும்பு விதி' உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். வில்ச்சர் மூன்றாவதை விட்டார், பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. புளூடூத் ஸ்பீக்கர் விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விதி ஞாபகம் வரும். விளம்பரத்தில் மூணுமே இருக்கும்.

1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. இப்போது ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும். வீட்டில் ஒரு பீரோவுக்கு இடம் கொடுத்தவர்கள்கூட இரண்டாவது பீரோவுக்கு யோசித்தார்கள். சின்னப் பெட்டிகளின் காலம் அங்கேதான் உறுதியானது.

சுவரில் மாட்டுவது? அதை ஒரு அழகாக மாற்றியவர்கள் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தார். டீட்டர் ராம்ஸ் 1960-களின் நடுவில் ஒரு முழு செட்டையும் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டார். இரண்டு ஓரத்திலும் தட்டையான வெள்ளை ஸ்பீக்கர், நடுவில் ரேடியோ ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் சக்கரம் தெரிய ஒரு டேப் ரெக்கார்டர். இணையத்தில் படம் தேடிப் பாருங்க. 60 வருஷம் ஆச்சு, இன்னிக்கு லாஞ்ச் பண்ணா நாளைக்கு இன்ஸ்டாகிராம் முழுக்க இருக்கும். ஆனால் தட்டையான பெட்டி என்றால் உள்ளே காற்று குறைவு, காற்று குறைந்தால் பேஸ் குறைவு. இரும்பு விதி ராம்ஸுக்கும் சலுகை கொடுக்காது. இப்போது கடையில் தொங்குகிற மெல்லிசான சுவர் ஸ்பீக்கர்கள் எல்லாம் அந்த வம்சம்தான். பலத்தோடு பலவீனத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட வம்சம்.

இப்போ நம்ம கதாநாயகன். இல்ல, வில்லனா? நீங்களே சொல்லுங்க.

அமர் போஸ். 1929-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா நோனி கோபால் போஸ், பிரிட்டிஷ் அரசை எதிர்த்ததால் வங்காளத்திலிருந்து தப்பி அமெரிக்காவுக்குப் போனவர். மகன் சின்ன வயதில் ஏழு வருடம் வயலின் படித்தார். பிறகு எம்.ஐ.டி.-யில் மின்பொறியியல். 1956-ல், முனைவர் பட்டம் முடியும் நேரத்தில், தனக்குத் தானே ஒரு பரிசு மாதிரி ஒரு ஸ்டீரியோ வாங்கினார். அளவீட்டு எண்களை எல்லாம் பார்த்து, நல்லதாகத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்கினார். வீட்டில் ஒரு வயலின் தட்டைப் போட்டால் சகிக்கவில்லை. காகிதத்தில் பிரமாதமாக இருக்கிற ஒரு பொருள் காதில் ஏன் இப்படி இருக்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஆராய்ச்சி செய்தார்.

அவர் வந்து சேர்ந்த இடம்: கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வருகிற ஒலியில் பெரும்பகுதி மேடையிலிருந்து நேராக வருவதில்லை. சுவர்களிலும் கூரையிலும் பட்டுத்தான் வருகிறது. வீட்டு ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் நம் முகத்தில் நேராக அடிக்கிறது. அப்படியென்றால் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பினால் என்ன?

1964-ல் நிறுவனம். 1966-ல் முதல் மாடல், 2201. கோளத்தை எட்டாக வெட்டிய ஒரு துண்டு மாதிரி இருக்கும், மூலையில் உட்காரும், அதில் 22 குட்டி ஸ்பீக்கர்கள். விற்கவில்லை. 1968-ல் வந்தது 901. ஒரு பெட்டியில் ஒன்பது சின்ன ஸ்பீக்கர்கள். ஒன்றே ஒன்றுதான் உங்களைப் பார்க்கும். மீதி எட்டும் பின்னால் சுவரைப் பார்க்கும். ஒன்பதில் ஒன்று என்றால் 11 சதவீதம் நேராக, 89 சதவீதம் சுவரில் பட்டு. சுவருக்கு ஏறக்குறைய ஒரு அடி முன்னால் வைக்க வேண்டும். கிளிப்ஷ் சுவரைப் புனலாக்கினார் என்றால், போஸ் சுவரையே ஸ்பீக்கர் ஆக்கினார்.

கேட்டவர்கள் அசந்து போனார்கள். அறையே விரிந்த மாதிரி, ஆர்க்கெஸ்ட்ரா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி. அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் முகத்தைச் சுளித்தது. அந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குள் நான் போகப் போவதில்லை.

1970 மே மாதம். 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை நடுத்தர விலை ஸ்பீக்கர்களை ஒப்பிட்டு ஏழு பக்கக் கட்டுரை போட்டது. இந்தப் பத்திரிகையைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். 1936-ல் ஆரம்பித்த கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. விளம்பரம் வாங்காது. கம்பெனி இலவசமாக அனுப்புகிற பொருளைத் தொடாது, கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிக்கும். "திஸ் வீடியோ இஸ் ஸ்பான்சர்ட் பை" இல்லாத உலகம்.

அந்தக் கட்டுரையில் தனிக் கட்டம் போட்டு 901-ஐப் பற்றி எழுதியிருந்தார்கள். நல்லதும் சொன்னார்கள். பிறகு, சாதாரண ஸ்பீக்கரில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று காதால் சுட்டிக்காட்ட முடிகிறது, இதில் அது கஷ்டம் என்றார்கள். ஒவ்வொரு கருவியும் பூதாகாரமாகத் தெரிகிறது, வயலின் பத்தடி அகலம் போல் இருக்கிறது, பியானோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீள்கிறது என்றார்கள். கருவிகள் அறை முழுக்க அலைகின்றன என்றும் சேர்த்தார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள், புதுமை மயக்கம் தெளிந்த பிறகும் பிடிக்குமா என்று யோசியுங்கள் என்று முடித்தார்கள்.

நேர்மையாகச் சொன்னால் இது ஒன்றும் கொடூரமான ரிவ்யூ இல்லை. இன்றைக்கு ஒரு படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ முடிந்ததும் வரும் விமர்சனத்தோடு ஒப்பிட்டால் தாலாட்டு. ஆனால் போஸ் திருத்தம் கேட்டார், பத்திரிகை மறுத்தது, 1971-ல் வழக்கு.

இங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். 19 நாள் விசாரணை. நீதிமன்றம் கட்டுரையைச் சல்லடை போட்டுச் சலித்தது. பூதாகாரம், பத்தடி வயலின், இதெல்லாம் தேறியது. மாட்டியது ஒரே ஒரு விஷயம், அந்த 'அலைகின்றன'. ஆங்கிலத்தில் அவர்கள் எழுதியது 'அபவுட் தி ரூம்'. அறையெங்கும். சோதனை செய்த பொறியாளர் சாட்சிக் கூண்டில் சொன்னது வேறு: எங்கள் முன்னால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், சுவரை ஒட்டி, முன்னும் பின்னும் நகர்ந்தது, அதைத்தான் அப்படி எழுதினோம் என்றார். நீதிபதி நம்பவில்லை. இவர் படித்தவர், புத்திசாலி, 'அபவுட்' என்ற சாதாரண வார்த்தைக்கு 'சுவரோரமாக' என்று அர்த்தம் என இவர் நினைத்திருக்கவே முடியாது. ஆகவே பொய் என்று தெரிந்தேதான் வெளியிட்டிருக்கிறார்கள். இதுதான் 1981 தீர்ப்பின் சாரம். நஷ்ட ஈடு லட்சம் டாலருக்கு மேல்.

தெரிந்தே பொய் சொன்னார்களா என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் 1964-ல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் என்று ஒரு தீர்ப்பு வந்தது. பொது வாழ்க்கையில் இருப்பவர்கள் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமென்றால், சொன்னது தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது உண்மையா என்ற கவலையே இல்லாமல் சொன்னார்கள் என்று நிரூபிக்க வேண்டும். தன் பொருளை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து விற்ற போஸ் நிறுவனத்துக்கும் அந்த அளவுகோல்தான் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 1984 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகை பக்கம் நின்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் வாதம் எளிமையானது. காதில் விழுந்த ஒரு அனுபவத்தை வார்த்தையில் வரையப் பார்த்தார்கள். வார்த்தை துல்லியமாக விழவில்லை. அதைக் கூண்டில் நின்று ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பொறியாளர் சமாளித்திருக்கலாம். ஆனால் இப்படிச் சறுக்குவது ஒன்று, எழுதும்போதே பொய் என்று தெரிந்து எழுதுவது வேறு. இந்த அளவு பிழைக்கு இடம் இல்லையென்றால் யாரும் எதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது.

என் கட்சியைச் சொல்லிடறேன். அந்தப் பொறியாளரின் காது சரி, வாக்கியம்தான் சொதப்பல். சுவரில் பட்டு வரும் ஒலி, நேர் ஒலிக்கு ஒன்றிரண்டு மில்லி செகண்ட் பின்னால் வருகிறது. அவ்வளவு சின்ன இடைவெளியை நம் மூளை எதிரொலியாகக் கேட்பதில்லை, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. ஆனால் ஒலி பிறந்த இடத்தின் விளிம்பு மங்கிப் பரந்துவிடுகிறது. ஒன்பதில் எட்டுப் பங்கு சுவரிலிருந்து வந்தால் வயலின் அகலமாகத்தான் தெரியும். வயலின் சரியாகக் கேட்கவில்லை என்று ஆராய்ச்சி தொடங்கிய மனிதருக்கு, உங்கள் வயலின் பத்தடி அகலம் என்று ஒருத்தர் எழுதினால் எவ்வளவு வலித்திருக்கும் என்பதும் புரிகிறது. அதற்காக 13 வருடம் கோர்ட் படி ஏறியது நியாயமா என்று கேட்டால், இல்லை.

ரிவ்யூ சேனல் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. சல்லிவன் தீர்ப்பு நம்ம ஊருக்கும் வந்திருக்கு, அதுவும் ஒரு தமிழ்ப் பத்திரிகை வழியா. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிவனை எடுத்துப் பேசியது. ஆனால் அங்கே கிடைத்த பாதுகாப்பு அரசு அதிகாரிகளின் அலுவல் சார்ந்த விமர்சனத்துக்குத்தான். ஒரு கம்பெனியின் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுகிறவருக்கு அது அப்படியே பொருந்தாது. அதுமட்டுமில்லாமல் நம்ம நாட்டில் அவதூறு கிரிமினல் குற்றமும்கூட, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அமெரிக்கப் பத்திரிகைக்கு இருந்த இடைவெளி ஒரு மைக்கும் மோதிர விளக்கும் மட்டும் வைத்திருக்கிற உங்களுக்கு இல்லை. கேட்டதை எழுதுங்க, ஆனா எங்க கேட்டுச்சுன்னு சரியா எழுதுங்க.

சரி, மெயிலில் கேட்ட முதல் கேள்வி. எதை மாட்டுவது?

இதற்கு நல்ல பதில் கோர்ட்டிலிருந்து வரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அக்கூஸ்டிக் ரிசர்ச்சில் இருந்த ராய் அலிசன் என்ற பொறியாளரிடமிருந்து வந்தது. ஆய்வகத்தில் அருமையாக அளவு காட்டும் ஸ்பீக்கர்கள் வீட்டில் ஏன் மாறிப் போகின்றன என்று பார்க்க, அவர் உண்மையான வீடுகளின் ஹால்களுக்குப் போய் அளந்தார். 1974-ல் அவர் வெளியிட்ட கட்டுரை சொன்னது இது. ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போகும் ஒலியோடு சேர்கிறது. மிகத் தாழ்ந்த சுரங்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டு பலமாகின்றன. ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் எதிரெதிராக வந்து ஒன்றை ஒன்று தின்கின்றன. எந்த சுரம் என்பதைத் தீர்மானிப்பது சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம்.

கணக்கு சுலபம். ஒலியின் வேகத்தை, அதாவது 343 மீட்டரை, அந்தத் தூரத்தின் நாலு மடங்கால் வகுக்கணும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் 143 ஹெர்ட்ஸ். இது வெறும் எண் இல்ல. ஒன்றரைக் கட்டை ஷட்ஜம் 139, இரண்டு கட்டை 147. நிறைய ஆண் பாடகர்களின் ஆதார ஸ்ருதி அங்கேதான் இருக்கு. 44 செ.மீ. என்றால் 195 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை, பெண் பாடகர்களின் ஸ்ருதி. சுரம் முழுசா காணாமப் போயிடாது, ஆனா இளைச்சுடும். தம்புராவுக்கு நடுவுல பாட்டு மட்டும் கொஞ்சம் நோஞ்சானா இருக்கும். ஸ்பீக்கர் சரியில்லைன்னு நாம திட்டுவோம். தப்பு அந்த அரை மீட்டர்ல இருக்கு.

அலிசன் பிறகு சொந்த நிறுவனம் தொடங்கி, சுவரோடு ஒட்டி வைக்கவேண்டிய ஸ்பீக்கர்களைச் செய்தார். தூரம் குறையக் குறைய அந்தப் பள்ளம் மேலே மேலே ஏறிப் போகும். 10 செ.மீ. என்றால் 850 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த உயரத்துக்கு வரும்போது ஸ்பீக்கர் பின்பக்கமாகப் பாடுவது குறைந்துவிடுகிறது, சண்டை போட எதிராளி இளைத்துவிடுகிறான்.

இதை வைத்து இப்போது கடையில் இருப்பதைப் பார்க்கலாம். சுவருக்குள்ளேயே புதைக்கிற வகை, இயற்பியல்படி இதுதான் ராஜா. சுவர் முழுவதும் அட்டை, பின்னால் அலை இல்லை, பள்ளமும் இல்லை. 1980-களில் அமெரிக்காவில் இது பெரிய வியாபாரமானதற்குக் காரணம் நான் முதலில் சொன்ன அந்தக் காலிச் சுவர். நம்ம ஊரில் சொந்த வீடு, அதுவும் கட்டும்போதே யோசித்தால் உண்டு. வாடகை வீட்டில் ஒரு ஆணிக்கே ஹவுஸ் ஓனரிடம் மனு போடணும். நம் வீடுகளில் காலியாக இருப்பது ஃபால்ஸ் சீலிங் மட்டும்தான், அதனால்தான் இன்டீரியர் பண்ணுபவர்கள் கூரையில் ஸ்பீக்கர் வைக்கச் சொல்கிறார்கள். ஹோட்டல் லாபிக்கு சரி. உட்கார்ந்து பாட்டு கேட்க நான் வைக்க மாட்டேன், பாடகர் ஃபேனில் தொங்குகிற மாதிரி இருக்கும்.

சுவரில் ஒட்டியபடி மாட்டுவதற்கென்றே செய்த தட்டையான வகை. ராம்ஸ் வம்சம். அலிசன் சொன்ன நன்மை முழுக்க இதற்குக் கிடைக்கும். சுவர் தரும் கூடுதல் பேஸைக் கணக்கில் வைத்தே நல்ல கம்பெனிகள் இதை வடிவமைக்கின்றன. ஆனாலும் பெட்டிக்குள் காற்று குறைவுதான். மிருதங்கத்தின் தொப்பி வரை பரவாயில்லாமல் வரும், பேஸ் கிட்டாரின் அடித்தளத்துக்கு ஒரு சப்வூஃபர் வேண்டியிருக்கும். சின்ன ஹாலுக்கு, குரல் இசை அதிகம் கேட்பவர்களுக்கு, என் ஓட்டு இதற்குத்தான்.

சாதாரண அலமாரி ஸ்பீக்கரை பிராக்கெட் போட்டுத் தொங்கவிடுவது மூன்றாவது. விலை குறைவு, தேர்வு அதிகம், பேஸும் உண்டு. ஆனால் 25 செ.மீ. பெட்டி, 15 செ.மீ. பிராக்கெட் என்று கூட்டினால் முகம் 40 செ.மீ. தள்ளி வந்துவிடும், கணக்கில் அது 214 ஹெர்ட்ஸ், திரும்பவும் குரல் இருக்கிற இடம். முடிந்தவரை குட்டையான பிராக்கெட் வாங்குங்க. பின்பக்கம் காற்று ஓட்டை உள்ள பெட்டியைத் தவிர்த்து முன்பக்கம் ஓட்டை உள்ளதையோ, முழுக்க மூடியதையோ பாருங்க. இந்த ஸ்பீக்கர்கள் பொதுவாக அறை நடுவில் ஸ்டாண்டில் நிற்கும் என்று நினைத்துச் செய்தவை, சுவரோரம் வந்தால் பேஸ் ஊதிப் போகும். ஆம்ப்ளிஃபயரில் பேஸைக் குறைத்தால் அது ஓரளவு சரியாகும். பள்ளத்தை மட்டும் எந்தக் குமிழைத் திருகினாலும் சரி செய்ய முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் சுவரும் அதே அளவு திருப்பி அடிக்கும்.

901 மாதிரி சுவரில் அடித்துப் பாட வைக்கும் வகை? அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெறும் சுவர் வேண்டும். நம்ம ஹாலில் ஒரு பக்கம் பால்கனி கதவு, இன்னொரு பக்கம் பூஜை ஷெல்ஃப். வயலின் எந்தப் பக்கம் போகும்னு எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது.

எதை வாங்கினாலும் மாட்டும் உயரம் கவனம். டீக்கடை ஸ்பீக்கர் மாதிரி உத்தரத்துக்குக் கீழே மாட்டாதீங்க. சோஃபாவில் உட்காரும்போது உங்கள் காது எங்கே இருக்கிறதோ அங்கே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள தூரமும் உங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக. கடைக்குப் போகும்போது டெமோ பாட்டு கேட்காதீங்க, அது எல்லாத்துலயும் நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு குரல், கூட ஒரு தம்புரா, அவ்வளவு போதும். கண்ணை மூடினா அந்த ஆள் ஒரு இடத்துல உட்கார்ந்து பாடுறாரா, இல்ல சுவர் முழுக்கப் பாடுதான்னு பாருங்க. ரெண்டாவது உங்களுக்குப் பிடிச்சா அதுவும் தப்பில்ல. 901-ஐ அப்படிப் பிடித்து வாங்கியவர்கள் இருந்ததால்தான் அது 1968-லிருந்து 2016 வரை, 48 வருடம், தயாரிப்பில் இருந்தது. அமெரிக்க சட்டப் புத்தகங்களில் போஸ் பெயர் இன்னும் இருக்கிறது, ஸ்பீக்கருக்காக இல்லை, தோற்ற வழக்குக்காக.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க சுவரோட மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரரோட பெட்ரூம். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ரப்பர் வாஷர் போடச் சொல்லுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல பேஸைக் குறைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.